இருதயமேரியின் பத்தொன்பது உருப்படிகள்

கார்த்திகைப் புயல் ஓய்ந்த பதினேழாம் நாள் காலை ஏழேகால் மணிக்கு, வெள்ளத்தில் போன இருதயமேரியின் இட்லிக் குண்டான் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கரையேறி, மரப்பாலம், நெல்லித்தோப்பு வழியாக விழுப்புரம் சாலையைப் பிடித்து, எவருடைய துணையுமின்றி ரெட்டியார்பாளையத்துக்கு வந்து சேர்ந்தது. அன்று துறைமுக ஏலத்தில் வஞ்சிரம் கிலோ எண்ணூற்றைம்பதுக்குப் போயிற்று, சங்கரா மலிவு. ஏலம் கூறிக்கொண்டிருந்தவர்கள் குண்டானுக்கு ஒதுங்கி வழிவிட்டு, விட்ட இடத்திலிருந்து விலையைத் தொடர்ந்தார்கள். நெல்லித்தோப்புச் சந்திப்பில் சிவப்பு விளக்கைக் கண்டு அது நின்றது என்றும், பின்னால் வந்த வண்டிகளுள் ஒன்றுகூட நிற்கவில்லை என்றும் போக்குவரத்துக் காவலர் பின்னர் வருத்தத்துடன் கூறினார். வீட்டு வாசலை அடைந்ததும் குண்டான் படியேறி, அடுக்களை மேடையில் தன் பழைய இடத்தில் அமர்ந்து, உள்ளிருந்த கடல் நீரைக் கக்கியது. மூடியின் குமிழ் மட்டும் இல்லை. இருதயமேரி அதைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, சாலையின் கிழக்குத் திசையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு அப்போது வயது ஐம்பத்தேழு. திருமணமான முப்பத்தைந்து ஆண்டுகளில் அவளும் கணவர் சவரிராயனும் பதின்மூன்று வாடகை வீடுகளில் குடியிருந்திருந்தார்கள். பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எந்தத் துணியைக் கண்டாலும் நான்கு மூலைகளையும் சேர்த்து மருத்துவமனைப் படுக்கை விரிப்பைப்போல் மடித்துவிடுவார். பதின்மூன்று வீட்டுக்காரர்களுக்கும் தவறாமல் ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடுத்தவர். ஆயினும் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை பத்திரம் எழுதி, ஆணி அடிக்கமாட்டேன், சுவரில் எண்ணெய்க் கை வைக்கமாட்டேன், ஏழு மணிக்குமேல் துணி துவைக்கமாட்டேன் என்றெல்லாம் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஓர் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதங்கள் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு மட்டும் அது பதினொன்றாக இருப்பதைக் கேட்பதற்கு இந்நாட்டில் ஆளில்லை.

பதின்மூன்றாம் வீடு கோவிந்தராசுவினுடையது. கீழ்த்தளம் இவர்களுக்கு, மாடியில் அவர். குடியேறிய ஆண்டிலேயே செந்தமிழ்ச்செல்வி என்னும் காப்பீட்டு முகவர் தேடி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் இருதயமேரியோடு பேசிப் பழகியவள்.

"வூடு ஓனரோடது. செவுரு இடிஞ்சா அவரு பாத்துக்குவாரு. உள்ள கெடக்குற சாமானெல்லாம் யாருது? உங்களுது. அது போச்சுன்னா எந்த ஓனராவது வந்து குடுப்பாரா? வாடகைக்கு இருக்குறவங்களுக்குன்னே இந்த பாலிசி போட்டிருக்காங்கக்கா" என்றாள் அவள்.

பதின்மூன்று முறை வண்டியேற்றி இறக்கிய சாமான்கள்தாம் தங்கள் வீடு என்பதை இருதயமேரி அறிந்திருந்தாள். ஒப்புக்கொண்டு, நிறுவனம் கொடுத்த படிவத்தை இரண்டு மாலைகள் உட்கார்ந்து நிரப்பினாள். அப்படிவத்தின் தமிழைப்பற்றிச் சொல்லாமல் விடுவதே அதை எழுதியவருக்குச் செய்யும் உதவி. உள்ளடக்கப் பொருள்களின் பட்டியலுக்குப் பத்தொன்பது வரிகள் விட்டிருந்தார்கள். இருதயமேரி தன் வாழ்நாளில் நிரப்பிய பட்டியல்கள் இரண்டே: ஒன்று குடும்ப அட்டை, மற்றொன்று பங்குக் கோயிலின் குடும்பப் பதிவேடு. ஆண்டுதோறும் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பங்குச் சாமியார் வரும்போது அந்தப் பதிவேட்டை விரித்து வைத்துப் பெயர்களைச் சரிபார்ப்பது வழக்கம். இரண்டிலும் முதல் வரி குடும்பத் தலைவருக்கு உரியது. ஆகவே அவள் சற்றும் யோசியாமல் முதல் வரியில் சவரிராயன் என்று எழுதி, எண்ணிக்கை ஒன்று என்று குறித்து, அதன் பிறகே பீரோ, கட்டில், குளிர்பெட்டி, தொலைக்காட்சி என்று இறங்கி, பத்தொன்பதாம் வரியில் இட்லிக் குண்டானை வைத்து முடித்தாள். வாங்கிய ஆண்டு என்ற கட்டத்தில் கணவர் பெயருக்கு நேராக 1989 என்று எழுதினாள். செந்தமிழ்ச்செல்வி படித்துப் பார்க்கவில்லை. நிறுவனத்தில் தட்டச்சு செய்தவரும் படித்துப் பார்க்கவில்லை. படிக்காமலே தட்டச்சு செய்யும் கலை இப்போது நாடெங்கும் பரவியிருக்கிறது.

முத்திரையிட்ட பட்டியல் தபாலில் வந்த அன்று சவரிராயன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தார்.

"யே மேரி, என்னயும் சாமானோட சேத்துட்டியா?"

"ஐயோ மாதாவே! கோயில் பதிவேடு மாதிரியே எழுதித் தொலச்சிட்டேங்க. செல்விகிட்ட சொல்லி மாத்திடறேன்."

"இருக்கட்டும், இருக்கட்டும். பீரோவுக்கு மேல போட்டிருக்கியே, அதுவே மரியாததான். ஆனா நான் பொறந்தது அறுபத்தொண்ணு. எம்பத்தொம்பதுன்னு போட்டிருக்க?"

"எனக்கு நீங்க வந்தது எம்பத்தொம்பதுலதான?"

அவர் சிரித்துக்கொண்டே பட்டியலை நான்காக மடித்தார். திருத்த வேண்டுமானால் மனு எழுதி, அசல் பட்டியலைத் திருப்பியனுப்பி, இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்று செந்தமிழ்ச்செல்வி சொல்லவே, அது அப்படியே விடப்பட்டது.

புயலன்று விடியற்காலையில் ஏரியின் வடிகால் உடைத்துக்கொண்டது. கால் மணி நேரத்தில் தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறிற்று. சாமான்கள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்கின. சவரிராயன் இருதயமேரியை மாடிப்படிக்கு அனுப்பிவிட்டு, அசைந்தாடிய பீரோவை இரு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். பீரோ போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு மேலேறியிருக்கலாம். ஆனால் அது மிதந்துபோய்ப் பின்பக்கக் கதவில் மோதிக்கொண்டிருந்தது. அது கோவிந்தராசுவின் தேக்குக் கதவு. கதவுக்கு நேரும் சேதம் அனைத்தும் முன்பணத்தில் கழிக்கப்படும் என்பது பத்திரத்தின் ஒன்பதாம் நிபந்தனை. பதின்மூன்று வீடுகளில் நிபந்தனை மீறாத மனிதர் அந்தக் காலையிலும் மீறவில்லை. "ரசீதெல்லாம் எடுத்துக்கினியா?" என்று அவர் கேட்டார். "எடுத்துக்கினேன், நீங்க வாங்க" என்று அவள் படியிலிருந்து கூவினாள். அப்போது பின்பக்க மதில் சரிந்தது. கதவும் பீரோவும் கட்டிலும் குளிர்பெட்டியும் பிறவும் சவரிராயனும் ஒரே திசையில் போனார்கள். வாய்க்கால், ஆறு, முகத்துவாரம், கடல் என்று தண்ணீருக்குத் தெரிந்த வழி அது.

ஒன்பது நாள் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. கிடைக்காத உடலுக்கு இறப்புச் சான்றிதழ் இல்லை, கல்லறையும் இல்லை. பங்குச் சாமியார் நினைவுப் பூசை வைக்கலாம் என்றார். ஒசூரிலிருந்து வந்த மகள் ஜாஸ்லின் அழுது ஓய்ந்து, அம்மாவைத் தன்னோடு கூப்பிட்டாள். இருதயமேரி ஈர ரசீதுகளைப் படியில் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

பத்தாம் நாள் நிறுவனத்தின் சார்பில் மதிப்பீட்டாளர் ஜானகிராமன் வந்தார். நல்ல மனிதர், செருப்பை வெளியில் கழற்றிவிட்டுச் சேற்றில் நடந்து வந்தார். ஒன்றுமில்லாத அறைகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார். பின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் நேரே தேய்மானம் எழுதினார். பழைய பொருளுக்குப் புதுப்பொருளின் மதிப்புக் கிடையாது. வாங்கிய ஆண்டிலிருந்து ஆண்டுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்து, எவ்வளவு பழையதானாலும் தொண்ணூறு விழுக்காட்டில் நிறுத்துவார்கள். குண்டானுக்கு ஐந்து, மிக்சிக்கு ஐம்பது, குளிர்பெட்டிக்கு அறுபது. அவளுடைய சீதனமாக வந்த கட்டிலுக்குத் தொண்ணூறு. முதல் வரிக்கு வந்தவர் திகைத்தார்; கைப்பேசியை எடுத்து அலுவலகத்தோடு பேசினார். பட்டியலில் இருக்கும் வரி எதையும் வெற்றிடமாக விட்டால் கணினி ஏற்காது என்று பதில் வந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்க்காமல் தொண்ணூறு என்று எழுதிவிட்டுப் போனார். இருதயமேரி அன்று அதைப் பொருட்படுத்தவில்லை.

பதினேழாம் நாள் குண்டான் வந்தது. அடுத்த வாரம் மிக்சி வந்தது. ஒரே வேகத்தில்தான் ஓடிற்று, அதுவும் தேங்காயைப் பாதிதான் அரைத்தது. பொங்கலுக்குள் குக்கரும் எடைத்தராசும் இஸ்திரிப்பெட்டியும் வந்தன. சாலையோரத்துக் கடைக்காரர்கள் முதல் இரண்டு முறை எழுந்து நின்று பார்த்தார்கள். மூன்றாம் முறைக்குப்பின் கல்லாவைவிட்டு எழவில்லை. தொலைக்காட்சி வந்தபோது மட்டும், அது நடந்துகொண்டே செய்தி வாசித்தபடியால், சிறுவர்கள் கொஞ்ச தூரம் உடன் போனார்கள். பொருள்கள் பட்டியலின் கீழிருந்து மேலாக வரிசை பிசகாமல் வருகின்றன என்பதையும், மதிப்பீட்டாளர் எத்தனை விழுக்காடு கழித்தாரோ அத்தனை குறைந்து வருகின்றன என்பதையும் இருதயமேரி நான்காம் உருப்படியிலேயே கண்டுகொண்டாள். வரிசையின் உச்சியில் யார் இருக்கிறார் என்பதை அவளுக்கு எவரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. அன்றிரவு அவள் புயலுக்குப்பின் முதன்முறையாக வயிறார உண்டாள்.

மாசியில் குளிர்பெட்டி வந்தது. அதன் கீழ்த்தட்டு மட்டும் குளிர்ந்தது. பங்குனி முடிவில் கட்டில் வந்தது. அது வந்ததென்று சொல்வதா, வரவில்லை என்று சொல்வதா என்று தெருவார் குழம்பினார்கள். தலைமாட்டுப் பலகை ஒன்றும் ஒற்றைக் காலும் நொண்டி நொண்டி வந்து, அறையின் சுவரில் சாய்ந்துகொண்டன. எண்பத்தொன்பதாம் ஆண்டில் அவளோடு புறப்பட்டு வந்த கட்டில் அது. இருதயமேரி அந்தப் பலகையின்மேல் கையை வைத்துக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருந்தாள். பிறகு புடைவை மாற்றிக்கொண்டு, பேருந்தேறி ஜானகிராமனின் அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், மொத வரியில போட்டீங்களே தொண்ணூறு, அத மட்டும் அடிச்சிடுங்க சார்."

"அறிக்கைய அனுப்பி நாலு மாசம் ஆச்சிம்மா. எல்லா வரிக்கும் ஒரே விதி."

"கட்டுலு தேயும், ஃபிரிட்ஜு தேயும். அவரு தேயல சார். வருசத்துக்கு வருசம் நல்லாத்தான் ஆனாரு. மொத பத்து வருசம் கோவக்காரரு. தட்ட வீசுவாரு. அப்புறம்தான் சார் பதமானாரு. இப்பதான் நல்லாருந்தாரு."

ஜானகிராமன் மேசைமேல் இருந்த காகித எடையை இடமாற்றி இடமாற்றி வைத்தார். அவளுக்கு ஏதேனும் ஆறுதல் சொல்ல வேண்டும் என்பதற்காக, விதியில் தமக்குத் தெரிந்த நல்ல பகுதியைச் சொன்னார்.

"ஒண்ணு சொல்றேம்மா. தேய்மானம் வாங்குன வருசத்துலேருந்துதான். எம்பத்தொம்பதுக்கு அப்புறம் உள்ளதத்தான் கழிப்பாங்க. அதுக்கு முன்னாடி உள்ளத யாரும் தொட மாட்டாங்க."

அவள் படியிறங்கி, எதிர்க்கடையில் வெள்ளைத்தாளும் உறையும் வாங்கிக்கொண்டாள். மறுநாளே நிறுவனத்துக்கு மேல்முறையீடு எழுதினாள். என் கணவரை நான் 1989இல் வாங்கவில்லை, ஆகவே அந்த ஆண்டை நீக்குக என்று இரண்டு பக்கம். ஆறு வாரம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. அதில் எழுவாய் ஒரு பக்கமும் பயனிலை ஒரு பக்கமும் நின்றன. இரண்டுக்கும் இடையில் விதிப்படி என்ற சொல் மட்டும் மூன்று முறை வந்தது.

இழப்பீட்டை வாங்கிக்கொண்டு கையெழுத்திடுமாறு நிறுவனம் இருமுறை தாள் அனுப்பிற்று. தொகை கொடுத்துத் தீர்த்த பொருள் பின்னால் கிடைத்தால் அது நிறுவனத்துக்கே சொந்தம் என்று அத்தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தையும் விடாமல் படிக்கும் பழக்கம் அவளுக்கு அப்போது வந்துவிட்டிருந்தது. "கையெழுத்துப் போட்டுட்டு இங்க வந்துடும்மா" என்று ஜாஸ்லின் தொலைபேசியில் மன்றாடினாள். "போட்டா உங்கப்பா கம்பெனிக்குப் போயிடுவாருடி" என்று அவள் பதில் சொன்னாள். இரண்டு தாள்களும் பெட்டிக்குள் கிடந்தன.

ஆவணியில் பீரோ வந்தது. பூட்டும் கண்ணாடியும் இல்லை. ஒரு கதவு மட்டும் இருந்தது. நெடுநேரம் அணைத்துப் பிடித்ததுபோல் இரு பக்கங்களிலும் தகடு லேசாக உள்வாங்கியிருந்தது. இருதயமேரி அப்பள்ளங்களில் தன் கைகளைப் பொருத்திப் பார்த்தாள், எட்டவில்லை. இனி மிச்சம் ஒரே உருப்படி. அவள் நாள்தோறும் இரண்டு ஆளுக்குச் சோறு வடித்தாள்.

கோவிந்தராசு கெட்ட மனிதர் அல்லர், வீட்டுக்காரர், அவ்வளவுதான். சரிந்த மதிலைக் கட்டி, புதிய கதவு மாட்டி, வெள்ளையடித்து முடித்ததும் வாடகையை ஏற்றினார். ஐப்பசி தொடங்குமுன் பத்திரத்தின் பதினோரு மாதமும் முடிந்தது.

"மேரியம்மா, நானும் பத்து மாசமா பாத்துட்டேன். நீங்க ஒரு ஆளு. எதுக்கு இவ்ளோ பெரிய வூடு? புதுசா கல்யாணம் ஆன ஜோடி ஒண்ணு கேக்குது."

"அவரு வர்ற வரைக்கும் குடுங்க சார்."

"எப்ப வருவாரு?"

"பீரோ வந்துட்டுதே சார். அடுத்தது அவருதான்."

"வரட்டும், வேணாங்கல. வந்தா உங்க புது வூட்டுக்கு அனுப்பி வெக்கிறேன். நான் என்ன புடிச்சா வெச்சிக்கப் போறேன்?"

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் சாமானேற்ற வண்டி வந்த அன்றுதான் மற்றொரு விதி வெளிப்பட்டது. மிக்சியைத் தூக்கிக்கொண்டு வாயிற்கதவைத் தாண்டிய கணத்தில் அது கூலியாளின் கையிலேயே உப்புத் தண்ணீராகிக் கொட்டிற்று. அவன் நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே, "இதுக்கும் கூலி உண்டும்மா" என்றான். இருதயமேரி பட்டியலைப் பிரித்து அதன் தலைப்பைப் படித்தாள். மேற்குறித்த முகவரியில் உள்ளவரை மட்டுமே காப்பு நீடிக்கும் என்று அதில் கண்டிருந்தது. மற்றப் பதினேழு பொருள்களையும் அவள் தொடவில்லை. துணிப்பையும் மாதா படமுமாக வெளியேறி, தேங்காய்த்திட்டில் துறைமுகம் தெரியும்படியான மாடி அறை ஒன்றைப் பிடித்தாள். போன பொருள்கள் அத்தனையும் கரையேறிய இடம் அது. பதினான்காம் வீடு. நாள்தோறும் விடியலில் ஏலம் தொடங்குமுன் போய்ப் படகுத்துறையில் நின்றாள். மீன்காரப் பெண்கள் அவளுக்கென்று ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டார்கள். "இன்னா மேரியம்மா, உன் ஊட்டுக்காரரு இன்னிக்கும் வல்லியா? வந்தா வெல ஏத்தாம குடுத்துடறோம்" என்று கேலி பேசினார்கள், அவள் சிரித்துவைத்தாள்.

ஒரே ஒரு நாள் அவள் துறைக்குப் போகவில்லை. அது கல்லறைத் திருநாள். ஊரில் உள்ள கத்தோலிக்கர் அனைவரும் தத்தம் கல்லறையை வெள்ளையடித்து, செவந்திப்பூப் போட்டு, மெழுகுத்திரி ஏற்றும் நாளில், கல்லறை இல்லாதவள் எங்கே நிற்பாள் என்று பங்குச் சாமியார் கேட்டு, நடுவில் இருக்கும் பொதுச் சிலுவையடிக்கு வரச் சொல்லியிருந்தார். அவள் ஒற்றைத் திரியை ஏற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. பதின்மூன்றாம் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ரிஹானின் மனைவி இஷ்ரத் பேசினாள்.

"ஆன்ட்டி, உங்க சாமான் ஒண்ணு வந்திருக்கு."

அவள் போய்ச் சேர்ந்தபோது சவரிராயன் கூடத்தில் நாற்காலியின் நுனியில், பிறர் வீட்டில் உட்காரும் மனிதரைப்போல், முழங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்திருந்தார். அதே கட்டம்போட்ட கைலி, அதே பனியன். இஷ்ரத் கொடுத்த துண்டால் தலையைத் துவட்டி, அதை நான்கு மூலை சேர்த்து மடித்து மடியில் வைத்திருந்தார். முகம் அறுபத்துமூன்று வயதுக்குரியதே. ஆனால் கண்களில் முப்பத்தைந்து ஆண்டு இல்லை. இருதயமேரி வாசற்படியில் நின்றாள். அவர் மரியாதையாக எழுந்தார்.

"வாங்கம்மா. ஒக்காருங்க" என்றார்.

"ஏங்க, நான்தாங்க மேரி."

அவர் சங்கடத்தோடு இஷ்ரத்தைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "இந்தம்மாவுக்கு ஒடம்பு ஏதாச்சும் முடியலியா?" என்று கேட்டார். பிறகு இருதயமேரியின் முகத்தைப் பார்த்து, அவளை நோகடித்துவிட்டோம் என்று அஞ்சியவராக, தாம் பெரிய மருத்துவமனையில் சலவைப் பிரிவில் சேர்ந்து ஐந்தாண்டு ஆகிறது என்றும், வைத்தியம் ஏதேனும் வேண்டுமானால் அங்கே தமக்கு ஆட்கள் உண்டு என்றும் சொன்னார். இருதயமேரி சுவரோரமாக உட்கார்ந்தாள். ஜானகிராமன் சொன்ன சொல் பிசகவில்லை: எண்பத்தொன்பதுக்கு முன்னால் உள்ளதை எவரும் தொட்டிருக்கவில்லை.

முதல் வாரம் அவள் நாள்தோறும் சொல்லிப் பார்த்தாள். பதின்மூன்று வீடுகளின் பெயர் சொன்னாள். ஜாஸ்லின் பிறந்த மழை நாளைச் சொன்னாள். மணக்கோலப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அவர் படத்தைக் கவனமாகப் பார்த்து, மாப்பிள்ளை தம் சாயலில் இருப்பதாகவும், பெண் லட்சணமாக இருப்பதாகவும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஜாஸ்லின் ஒசூரிலிருந்து வந்து, அப்பாவின் எதிரில் ஒரு பகல் முழுதும் உட்கார்ந்திருந்தாள். போகும்போது அவர் அவளுக்கு, "நல்லா படிம்மா" என்று ஆசி சொன்னார். அவள் பள்ளி செல்லும் இரு பிள்ளைகளுக்குத் தாய். அதன்பிறகு இருதயமேரி தான் யார் என்று சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

அவரை வெளியே அழைத்துப்போவது பற்றிப் பேச்சே எழவில்லை. மிக்சி என்ன ஆயிற்று என்பதை அனைவரும் அறிவர். நிறுவனம், பத்தொன்பது உருப்படிகளும் திரும்பக் கிடைத்தமையால் இழப்பு ஏதுமில்லை என்று கோப்பை மூடிற்று. ரிஹானும் இஷ்ரத்தும் முதலில் தயங்கி, பின்னர் உள் அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். வயதானவர், தொந்தரவு இல்லாதவர், கொடியில் காயும் துணியெல்லாம் கேட்காமலே மடித்து அடுக்கிவிடுகிறார் என்று இஷ்ரத் பக்கத்து வீடுகளில் சொன்னாள். அவர் தொழுகைக்குரிய நேரத்தில் கூடத்தைவிட்டு எழுந்துபோவார். இவர்கள் அவர் செபிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பார்கள். கோவிந்தராசு பதினோரு மாதத்துக்கான புதுப் பத்திரத்தில், வீட்டோடு ஒப்படைக்கப்படுபவை என்னும் தலைப்பின் கீழ், மின்விசிறி மூன்று, குழல்விளக்கு நான்கு, சவரிராயன் ஒருவர் என்று எழுதச் செய்தார். எந்த வீட்டுக்காரராலும் காலி செய்யச் சொல்ல முடியாத ஒரே குடித்தனக்காரர் என்று தெருவார் அவரைக் குறிப்பிட்டார்கள். அவர் வாழ்நாளெல்லாம் ஏங்கியது அதற்குத்தான். அதை அவரிடம் எடுத்துச் சொன்னால் அவருக்கு விளங்காது.

இருதயமேரி இரண்டு பேருந்து மாறி நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு வருகிறாள். ஆறு மணிக்குத் திரும்பிவிடுகிறாள். பக்கத்துத் தெரு அம்மாள் ஒருத்தி, பொழுது போகாமல் வருகிறவள் என்று சவரிராயன் எண்ணிக்கொண்டிருக்கிறார். சென்ற மாதம் ஒரு நாள் அவர் மிகவும் உற்சாகமாக இருந்தார்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. வர்ற ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்கப் போறோம். வில்லியனூர்ப் பக்கம்."

இஷ்ரத் அடுக்களை வாசலில் நின்றுவிட்டாள். இருதயமேரி புடைவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அவளுடைய பிறந்த வீடு வில்லியனூர்.

"அப்பிடியா தம்பி? பொண்ணு எப்பிடியாம்?"

"பாக்காம எப்பிடிச் சொல்றது? நல்ல குடும்பம்னாங்க. எனக்குத்தான் பயமாருக்கு. நான் கொஞ்சம் கோவக்காரன்."

"அதெல்லாம் போவப் போவ பதமாயிடும்."

"எங்கம்மாவுக்கு முடியல. பெரியவங்க ஒருத்தங்க கூட வந்தா நல்லாருக்கும். நீங்க வர்றீங்களா?"

"வர்றேன்" என்றாள் இருதயமேரி.

அப்போது இஷ்ரத் தேநீர் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் முக்காலியில் வைத்தாள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வீட்டின் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இருதயமேரியின் வலது மணிக்கட்டு முறிந்தது. அன்றுமுதல் அந்தக் கையால் சூடான எதையும் அவளால் பிடிக்க முடியாது. அவர் திரும்பி வந்தபின் அதைப்பற்றி அவள் எவரிடமும் சொல்லியதில்லை. சவரிராயன் பெண் பார்க்கப் போகும்போது என்ன சட்டை போடலாம் என்று பேசிக்கொண்டே, அவளுடைய கோப்பையைப் பாராமல் கை நீட்டித் திருப்பி, அதன் பிடி அவளுடைய இடக்கைப் பக்கம் வரும்படி நகர்த்தி வைத்தார். வைத்துவிட்டு நீலச் சட்டையே போதும் என்று முடிவு சொன்னார்.

இப்போது ஞாயிறுதோறும் காலைப் பூசை முடிந்ததும் அவள் நேரே ரெட்டியார்பாளையத்துக்கு வருகிறாள். அவர் நீலச் சட்டை அணிந்து, தலைவாரி, வாயிற்கதவுவரை வருகிறார். அங்கே சற்று நின்று, இன்று வெயில் அதிகம், அடுத்த வாரம் போகலாம் என்கிறார். அவளும் சரி என்கிறாள். பிறகு இருவரும் உள்ளே வந்து தேநீர் குடிக்கிறார்கள். அவள் இடக்கையால் குடிக்கிறாள்.